எபிரேய வேதத்தில் ஒரு தமிழ் மயில்

காஞ்சீபுரத்தை அடுத்த ஊர் ஓரிக்கை. அந்த ஊருக்கு அப்பெயர் எப்படி வந்தது?

பெரியோர் சொல்லும் கதை இது. திருமழிசை ஆழ்வாருக்குக் கணிகண்ணன் என்று ஒரு சீடர் இருந்தார். தன்னைப் புகழ்ந்து பாடும்படி பல்லவ மன்னன் கேட்டான். மனிதரைப் பாடக் கணிகண்ணன் மறுத்துவிட்டார். மன்னனுக்குக் கோபம் வந்தது. ஊரை விட்டே வெளியேறும்படி கட்டளையிட்டான்.

சீடரோடு ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் சொன்னபடியே, திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்! அன்று இரவு அவர்கள் தங்கிய இடம் 'ஓரிரவு இருக்கை'. அதுவே நாளடைவில் 'ஓரிக்கை' ஆயிற்று என்பார்கள்.

ஓர் ஊரின் பெயருக்குள் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது! ஊர்ப் பெயர்களுக்கு மட்டுமல்ல, நாம் அன்றாடம் பேசும் சொற்களுக்கும் இப்படிக் கதைகள் உண்டு.

இந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்யும் பட்டுச் சேலைகளைப் பாருங்கள். கரையிலே மயில். முந்தானையிலே தோகை விரித்த மயில். 'தோகை' என்ற இந்தத் தமிழ்ச் சொல், கடல் கடந்து போய் யூதர்களின் எபிரேய வேதத்திலே இடம் பெற்றிருக்கிறது என்று ஒரு பாதிரியார் எழுதினார்.

அவர் தமிழர் அல்லர். யூதரும் அல்லர். அயர்லாந்து நாட்டிலே பிறந்தவர். 53 ஆண்டுகளைத் தமிழ் மக்களுக்காகவே செலவிட்டு, இந்த மண்ணிலேயே அடங்கியவர்.

அவர்தான் கால்டுவெல் ஐயர்!

ஓவியம் கற்ற இளைஞர்

ராபர்ட் கால்டுவெல், அயர்லாந்தில் 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்குக் குடியேறியது.

பையனுக்குப் படம் வரைவதில் ஆசை. 16ஆவது வயதில் டப்ளின் நகருக்குப் போய் ஓவியம் பயின்றார். ஆனால் மனம் சமயத் தொண்டின் பக்கம் திரும்பியது. தூரிகையை வைத்துவிட்டு, கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியர் சர் டேனியல் சாண்ட்போர்டு. அவருடைய பாடங்கள் கால்டுவெல்லின் மனத்தில் ஓர் ஆவலை மூட்டின. மனிதரில் அண்ணன் தம்பி இருப்பதுபோல், மொழிகளிலும் உறவு முறை உண்டு. ஒரு மொழியை மற்றொரு மொழியின் அருகில் வைத்துப் பார்த்தால் அந்த உறவு தெரியும். இதை அறிந்த நாள் முதல் மொழிகள் மீது அவருக்குத் தணியாத ஆர்வம் பிறந்தது.

1837ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அதே ஆண்டு சென்னைக்குக் கப்பல் ஏறினார். கப்பலின் பெயர் மேரி ஆன். பயணத்தின் தொடக்கத்திலேயே அது ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதியது! கால்டுவெல் உயிர் தப்பினார்.

அந்தக் கப்பலில் இன்னொரு பெரியவரும் வந்தார். அவர் சி. பி. பிரவுன். தெலுங்கு மொழிக்கு அரும்பணி செய்த அறிஞர். தமிழுக்கு உழைக்கப் போகிறவரும், தெலுங்குக்கு உழைத்தவரும் ஒரே கப்பலில்!

1838ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி கால்டுவெல் சென்னையில் இறங்கினார். அப்போது வயது 23.

நடந்தே போனார்!

சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் படித்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த துரு பாதிரியாரின் நட்பு கிடைத்தது.

பிறகு திருநெல்வேலிச் சீமையில் பணி செய்ய முடிவு செய்தார். வண்டி இருந்தது. பல்லக்கு இருந்தது. ஆனால் அவர் கால்நடையாகவே கிளம்பினார். மக்களோடு பழக வேண்டும், அவர்கள் பேசுவதைக் காதால் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

தஞ்சை, திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிச் சுற்றி நடந்தார். தஞ்சையில் வேதநாயகம் சாஸ்திரியாரைக் கண்டு பேசினார். நீலகிரியில் குருப்பட்டம் பெற்றார். 1841ஆம் ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையின் தெற்கே உள்ள இடையன்குடி போய்ச் சேர்ந்தார்.

எங்கு பார்த்தாலும் செம்மணல் தேரி. பனைமரங்கள். சுடுகின்ற வெயில். அந்தச் சிற்றூரே இனி அவருக்குச் சொந்த ஊர் ஆயிற்று. தெருக்களை ஒழுங்கு செய்தார். பள்ளிக்கூடம் வைத்தார்.

1844ஆம் ஆண்டில் எலிசா என்ற பெண்மணியை மணந்தார். எலிசா, நாகர்கோவிலில் தொண்டு செய்த மால்ட் பாதிரியாரின் மகள். நன்றாகத் தமிழ் பேசுவார். பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். லேஸ் பின்னும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். ஏழைப் பெண்கள் கையில் நாலு காசு புழங்கியது.

தமிழ் எங்கிருந்து வந்தது?

பகலெல்லாம் ஊர் வேலை. இரவிலே நூல்களைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு கேள்வி அவர் மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது. தமிழ் எங்கிருந்து வந்தது?

அந்தக் காலத்தில் பெரிய அறிஞர்களே ஒன்று சொன்னார்கள். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் வடமொழிதான் தாய், தமிழும் அதன் கிளைதான் என்றார்கள்.

கிறிஸ்தவ நாடுகளிலோ வேறொரு நம்பிக்கை பல நூறு ஆண்டுகளாக இருந்து வந்தது. உலகத்தின் முதல் மொழி எபிரேயம். மற்ற மொழிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. இப்படி அங்கே பலர் நம்பினார்கள்.

கால்டுவெல் ஒரு பாதிரியார். எபிரேயம் அவருடைய வேதத்தின் மொழி. தமிழும் எபிரேயத்தின் பிள்ளைதான் என்று அவர் எழுதியிருந்தால், அவரைச் சேர்ந்தவர்களில் பலர் மகிழ்ந்திருப்பார்கள். அவர் அப்படி எழுதினாரா?

அதைச் சொல்லுமுன் எபிரேயத்தின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

எபிரேயத்தின் கதை

எபிரேயம், செமித்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரபியும் அராமிக்கும் அதன் உறவினர். கடலோடிகளான பினீசியரின் மொழி அதற்கு உடன்பிறப்புப் போல மிக நெருங்கியது.

அதில் 22 எழுத்துக்கள். எல்லாம் மெய்யெழுத்துக்களே. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக எழுதுவார்கள். உயிர் ஒலியைக் காட்டப் புள்ளிகள் இடும் வழக்கம் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் வந்தது.

பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்கள் சேர்ந்ததே வேர். எழுதுவதைக் குறிக்கும் வேர் க், த், ப் என்ற மூன்று மெய்கள். அதிலிருந்துதான் எபிரேயத்தில் கடிதத்துக்கு 'மிக்தாவ்' என்ற பெயர் வந்தது. அரபியிலும் இதே வேர் உண்டு. நம் முஸ்லிம் சகோதரர்கள் நூலைக் 'கிதாபு' என்கிறார்களே, அது இந்த வேரில் முளைத்த சொல்தான். கோவிலில் கிறிஸ்தவர் சொல்லும் 'ஆமென்', பள்ளிவாசலில் ஒலிக்கும் 'ஆமீன்' இரண்டும் ஒன்றே.

ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் எபிரேயர் பேசிய மொழி இது. கி.மு. 586இல் பாபிலோன் மன்னன் எருசலேமை அழித்தான். யூதர்களில் பலரைச் சிறைப்பிடித்துக்கொண்டு போனான். அது முதல் அராமிக் மொழி யூதர் வீடுகளில் மெல்ல மெல்லப் புகுந்தது. கி.பி. 200ஐ ஒட்டி எபிரேயம் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது.

ஆனால் அது அழிந்துபோகவில்லை! வேதத்தில் இருந்தது. வழிபாட்டில் இருந்தது. அறிஞர்களின் ஏட்டில் இருந்தது. நம் அருகே கொச்சியில் வாழ்ந்த யூதர்களும் எபிரேயத்திலேதான் வழிபாடு செய்தார்கள். கடைத்தெருவில் மலையாளம், தொழுகையில் எபிரேயம்!

மூன்று என்ற சொல் போதும்

இனிக் கால்டுவெல் செய்த ஆராய்ச்சிக்கு வருவோம். அவர் கையாண்ட முறையை வீட்டிலே குழந்தைகளுக்குக்கூட விளக்கிவிடலாம். 'மூன்று' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் மூன்று. மலையாளத்தில் மூன்னு. கன்னடத்தில் மூரு. தெலுங்கில் மூடு. துளுவில் மூஜி.

வடமொழியில் த்ரி. லத்தீனில் ட்ரேஸ். ஆங்கிலத்தில் த்ரீ.

எபிரேயத்தில் ஷலோஷ். அரபியில் தலாதா.

மூன்று குடும்பங்கள் தனித் தனியாக நிற்பது தெரிகிறது அல்லவா? எண்கள், கண், கை, நான், நீ போன்ற அடிப்படைச் சொற்களை ஒரு மொழி எளிதில் கடன் வாங்குவதில்லை. அவற்றையும், சொற்கள் வாக்கியத்தில் மாறும் விதத்தையும் பார்க்க வேண்டும். அப்போதுதான் உறவு விளங்கும்.

ஒரே ஒரு சொல் ஒத்திருந்தால் போதாது. எருசலேமில் இன்று குழந்தை தன் தந்தையை எப்படி அழைக்கிறது தெரியுமா? 'அப்பா' என்றுதான் அழைக்கிறது! இதைக் கேட்டால் நமக்கு வியப்பாயிருக்கும். ஆனால் இதை வைத்துத் தமிழும் எபிரேயமும் உறவு என்று சொல்லிவிட முடியாது. குழந்தையின் உதடு முதலில் எழுப்பும் ஒலிகள் உலகமெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கால்டுவெல் தமிழையும் அதன் உறவு மொழிகளையும் இப்படி ஒப்பிட்டார். எபிரேயத்தோடு ஒத்துப் போகும் சொற்களையும் தேடிப் பட்டியல் எழுதினார். ஆனால் அந்தப் பட்டியலைக் காட்டித் தமிழ் எபிரேயத்திலிருந்து பிறந்தது என்று அவர் முடிவு கட்டவில்லை. தமக்குப் பிடித்த முடிவைச் சான்றின் மேல் ஏற்றிவைக்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை.

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலியவை ஒரு தனிக் குடும்பம், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று நிறுவினார். அந்தக் குடும்பத்துக்குத் 'திராவிடம்' என்று பெயர் சூட்டினார். வடமொழிச் சொற்களை நீக்கிவிட்டாலும் தமிழ் தன் காலில் நிற்கும் என்று காட்டினார்.

சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை 1816ஆம் ஆண்டிலேயே இந்த உண்மையைச் சுட்டியிருந்தார். கால்டுவெல் அதை விரிவாக ஆராய்ந்து பெரிய நூலாக்கினார். அந்த ஒப்பிலக்கணம் 1856ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்தது. அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது. கிளாஸ்கோ பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1875இல் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் 12 திராவிட மொழிகளை ஆராய்ந்திருந்தார்.

மயில் ஏறிய கப்பல்

அந்த நூலில்தான் நம் மயில் வருகிறது.

எருசலேமை ஆண்டவர் சாலமோன் அரசர். அவருடைய கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்று எபிரேய வேதம் கூறுகிறது. பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு இவற்றோடு இன்னொன்றும் வந்ததாம். அதற்கு எபிரேயத்தில் எழுதியுள்ள பெயர் 'துக்கி'.

துக்கி என்றால் என்ன? அதற்கு மயில் என்று பொருள் கொண்டார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு எபிரேயத்தில் வேர் கிடைக்கவில்லை. அது வெளியூர்ச் சொல். நீல மயில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பறவை. ஆகவே பறவையோடு பெயரும் கப்பல் ஏறியிருக்க வேண்டும். 'தோகை'தான் 'துக்கி' ஆயிற்று என்று கால்டுவெல் எழுதினார். அவருக்கு முன்பே சிலர் இதைத் தொட்டுப் பேசியிருந்தார்கள். உலகின் பழைய ஏடுகளில் பதிவான திராவிடச் சொற்களில் இதுவே மிகப் பழையது என்பது கால்டுவெல் கருத்து.

வேறு சொற்களையும் அவர் எடுத்துக்காட்டினார். நம் 'அகில்' எபிரேயத்தில் 'அஹலிம்' என்று மணக்கிறது. நம் 'அரிசி'யே கிரேக்கரின் 'ஒரைசா' என்றார்.

இவற்றில் ஐயம் எழுப்பும் அறிஞர்களும் உண்டு. துக்கி என்பது மயில்தானா என்று கேட்பவரும் உண்டு. ஆயினும் தோகை என்ற விளக்கம் இன்றுவரை நிலைத்து நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ் எபிரேயத்தின் பிள்ளை என்று கால்டுவெல் சொல்லவில்லை. எபிரேயம் தமிழின் பிள்ளை என்றும் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். ஆனால் அவை ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் செய்திருக்கின்றன!

சறுக்கிய இடங்கள்

பெரியவர்களும் தவறு செய்வதுண்டு. திராவிட மொழிகளை நடு ஆசியாவின் மொழிகளோடு உறவு படுத்தினார் கால்டுவெல். அந்த முடிவை இன்றைய அறிஞர்கள் ஏற்கவில்லை.

இன்னொரு தவறு மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. 1849ஆம் ஆண்டில் நாடார் சமூகத்தாரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர்களைத் தாழ்த்திப் பேசியிருந்தார். கற்றறிந்த நாடார்கள் கொதித்தெழுந்தார்கள். இறுதியில் அந்நூல் வழக்கிலிருந்து நீக்கப்பட்டது. மொழியை ஆராய்ந்தபோது காட்டிய பொறுமையை அவர் அங்கே காட்டவில்லை.

எபிரேயத்திலிருந்து தமிழுக்கு

தமிழ் வேதாகமத்தைத் திருத்தி அமைக்க 1858ஆம் ஆண்டு ஒரு குழு தொடங்கியது. தலைவர் பவர் பாதிரியார். கால்டுவெல்லும் அதில் இருந்தார். எபிரேய மூலத்தையும் பழைய தமிழ் மொழிபெயர்ப்புக்களையும் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் பார்த்தார்கள். 1871ஆம் ஆண்டில் அந்தத் தமிழ் வேதாகமம் வெளிவந்தது.

1877ஆம் ஆண்டில் கால்டுவெல் பிஷப் ஆனார். அது தாது வருஷப் பஞ்சம் வாட்டிய காலம். பசித்தவர்களுக்கு உதவும் பணியில் ஈடுபட்டார். பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையில் மண்ணைத் தோண்டியும் ஆராய்ந்தார். 1881ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதி வெளியிட்டார்.

இடையன்குடியில் அவர் எழுப்பிய கோவில் 1847இல் தொடங்கி 1880இல்தான் நிறைவேறியது. 33 ஆண்டு உழைப்பு!

1891ஆம் ஆண்டு ஜனவரியில் பதவியிலிருந்து விலகிக் கொடைக்கானலுக்குப் போனார். ஆகஸ்டு 28ஆம் தேதி அங்கே உயிர் நீத்தார். வயது 77. உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய கோவிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

மீண்டும் பேசிய மொழி

கால்டுவெல் திருநெல்வேலிச் சரித்திரம் வெளியிட்ட அதே 1881ஆம் ஆண்டில், எருசலேமில் ஓர் அதிசயம் தொடங்கியது. எலியேசர் பென் யெகூதா என்ற யூத இளைஞர் அங்கே குடியேறினார். வீட்டிலே எபிரேயம் மட்டுமே பேசுவது என்று சபதம் செய்தார். அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். அவன் காதில் வேறு மொழி விழாதபடி வளர்த்தார். 1,700 ஆண்டுகளுக்குப் பிறகு, எபிரேயத்தைத் தாய்மொழியாகப் பேசிய முதல் குழந்தை அவன்தான் என்பார்கள்!

வேதத்தின் மொழியை வீட்டு மொழியாக்குவது பாவம் என்று யூதர்களிலேயே பலர் எதிர்த்தார்கள். பென் யெகூதா தளரவில்லை. செய்தித்தாள் நடத்தினார். புதுச் சொற்கள் படைத்தார். பெரிய அகராதி தொகுத்தார். 1922ஆம் ஆண்டில் பாலஸ்தீனத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக எபிரேயம் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு அவர் மறைந்தார். அவர் தொடங்கிய அகராதியைப் பிறர் தொடர்ந்து 1959இல் முடித்தார்கள். 1948இல் பிறந்த இஸ்ரேல் நாட்டில் இன்று குழந்தைகள் எபிரேயத்தில் விளையாடுகிறார்கள்.

அந்தக் குழந்தைகளிடம் 'துக்கி' எங்கே என்று கேட்டால் மயிலைக் காட்ட மாட்டார்கள். கிளியைக் காட்டுவார்கள்! மயிலுக்கு அங்கே இப்போது 'தவாஸ்' என்று வேறு பெயர். நம் தோகை அங்கே கிளியாகிவிட்டது!

எபிரேயம் வீட்டை விட்டுப் போய், வேதத்தில் அடைக்கலம் புகுந்து, மீண்டும் வீடு திரும்பிய மொழி. தமிழோ வீட்டை விட்டுப் போகாத மொழி. பழைய ஏட்டில் உள்ள 'தோகை' இன்றும் நம் வீட்டுப் பெண்கள் வாயில் அதே தோகைதான். இந்தப் பழமையையும் தனித்தன்மையையும் உலகம் ஏற்க வழி காட்டியவர்களில் கால்டுவெல் முன்வரிசையில் நிற்கிறார். 2004ஆம் ஆண்டு இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது. அதற்கு 148 ஆண்டுகளுக்கு முன்பே அவர் நூல் வந்துவிட்டது.

சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு அவருக்குச் சிலை வைத்தார்கள். 2010இல் தபால் தலை வெளியிட்டார்கள். இடையன்குடிக் கோவிலில் அவருடைய கல்லறை இருக்கிறது. எட்டாண்டு கழித்து மறைந்த எலிசா அம்மையாரும் அந்த ஊரிலேயே அடக்கமானார்.

அடுத்த முறை வீட்டில் பட்டுச் சேலையை மடிக்கும்போது, முந்தானையிலுள்ள மயிலை ஒரு தடவை பாருங்கள். அருகில் குழந்தை நின்றால், அந்தத் தோகை எருசலேம் போன கதையைச் சொல்லுங்கள்.